மல்லிமொட்டுப் பல்பொடி

வெள்ளாம்பாறை,
18-6-1936

அன்புள்ள அண்ணாவுக்குச் செண்பகம் எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் ராஜாமணியும் மாமியாரும் சௌக்கியம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுத உனக்கு எங்கே நேரம்? பொட்டலம் மடிக்கவே பொழுது சரியாக இருக்கும். இருந்தாலும் இரண்டு வரி எழுது.

நிற்க. விழுப்புரம் சந்தைக்குப் போய்வந்த வண்டியில் நீ கொடுத்தனுப்பிய மல்லிமொட்டுப் பல்பொடி வந்தது. மேல்காகிதத்தைப் பார்த்ததும் எனக்குக் கையே ஓடவில்லை. நம் ராஜாமணியேதான்! போட்டோ பிடித்த அன்று அவளைச் சிரிக்கவைக்க நீ குரங்கு மாதிரி குதித்தாயே, அந்தச் சிரிப்பு அப்படியே அச்சில் விழுந்திருக்கிறது. கீழே 'இந்தச் சிரிப்பு உங்கள் வீட்டிலும்' என்று வேறு போட்டிருக்கிறாய். உமிக்கரியும் உப்பும் கிராம்பும் இடித்து விற்கிறவனுக்கு வாய் மட்டும் வக்கீல் வாய்.

மாமியாரிடம் காட்டினேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "பொட்டப்புள்ள மூஞ்சியச் சந்தையில விக்கறானா உங்கண்ணன்? இது பால் பல்லுடி. விழுந்து மொளைக்கட்டும், அப்பறம் பாக்கலாம் அவன் பவுசு" என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் அந்தப் பக்கம் போனதும் ராஜாமணியின் வாயைத் திறந்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தேன்.

உனக்குத்தான் தெரியுமே, இந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பால் பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. விழுந்து முளைப்பதுதான் துருப்பிடித்த தகரம் மாதிரி முளைக்கிறது. துருப்பல் என்றே அதற்குப் பெயர். வெளியூர்க்காரர்கள் எங்களைத் துருப்பல் ஊரார் என்கிறார்கள். உன் மாப்பிள்ளைக்கும் அதுதான். கல்யாணப் பந்தலில் அவர் வாயைத் திறக்கவே இல்லை. அடக்கமான பிள்ளை என்று அப்பா மெச்சிக்கொண்டார்!

வேடிக்கை என்னவென்றால் கிழடுகளுக்கெல்லாம் பல் நன்றாக இருக்கிறது. அதனால் அவர்கள் சொல்வதுதான் சட்டம்: இந்தக் காலத்துத் தாய்மார்கள் பிள்ளைக்குப் பல் விளக்கிவிடுவதில்லையாம். இங்கே பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துத்தான் தாயை எடை போடுகிறார்கள். நான் அந்தப் பேச்சு வாங்கமாட்டேன் அண்ணா. முதல் பல் முளைத்த நாளிலிருந்து உன் பொடியைத் தவிர அவள் வாயில் வேறு பொடி படவில்லை.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் தங்கை,
செண்பகம்


திண்டிவனம்,
2-7-1936

சௌபாக்கியவதி செண்பகத்துக்கு அண்ணன் விருத்தாசலத்தின் ஆசீர்வாதம். பொடி ஒட்டிய விரலோடு எழுதுகிறேன். காகிதம் கருத்திருந்தால் முகம் சுளிக்காமல் மோந்து பார், கிராம்பு மணக்கும்.

நம் ராஜாமணி ராஜ்யம் பிடித்துவிட்டாள். திருவக்கரையில் பௌர்ணமிக்கு வந்த கூட்டம் என் கூடையைக் காலி செய்துவிட்டது. 'இது யார் வீட்டுக் குழந்தை' என்று கேட்காதவர்கள் இல்லை. துருப்பல் ஊரில் பிறந்த குழந்தை, என் பொடியால் இப்படி என்று சொல்கிறேன். அதைச் சொன்னதும் வாயடைத்துப் போகிறார்கள்.

பால் பல்தானே என்று நீ பயப்படுவது எனக்குத் தெரியாமல் இல்லை. அசடே, முளைத்ததிலிருந்து என் பொடி போட்ட வாயில் துரு எப்படி ஏறும்? காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை தேய்த்துவிடு. புதுப் பல் முளைத்ததும் மறுபடி போட்டோ பிடித்து வேறு அச்சுப் பிளாக் செய்யப் போகிறேன். உன் மாமியாருக்கு என் வணக்கத்தோடு ஒரு பொட்டலம் கொடு. வெற்றிலைக் கறையையும் எடுக்கும் என்று சொல்.

உன் அண்ணி பாஞ்சாலி அந்த மேல்காகிதத்தை அடுப்படிச் சுவரில் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருக்கிறாள். நமக்குத்தான் கடவுள் ஒன்றும் கொடுக்கவில்லை, உங்கள் தங்கச்சி பிள்ளையாவது சுவரில் சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்கிறாள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

விருத்தாசலம்


வெள்ளாம்பாறை,
11-2-1938

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய சீர் வந்தது. பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதினால் அழுகை வரும் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

ராஜாமணிக்கு முன்பல் விழுந்து முளைத்துவிட்டது. முளைக்கும்போதே சுண்ணாம்புக் கட்டி மாதிரி, பளபளப்பே இல்லாமல் வந்தது. போகப்போக வெளுக்கும் என்று இருந்தேன். குறுக்கே ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. இப்போது அது செம்பட்டையாகிவிட்டது. கீழ்ப் பல்லில் சின்னச் சின்னக் குழிகள்கூட இருக்கின்றன.

நான் என்ன பாவம் செய்தேன் அண்ணா? உன் பொடியை ஒரு நாள் விட்டதில்லை. கோடு மறையவில்லை என்று உப்பு வைத்துத் தேய்த்தேன். பிறகு ஊரார் சொன்னார்கள் என்று செங்கல் பொடி. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. குழந்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்மா, நான் சிரிக்க மாட்டேன்மா" என்றாள். அன்றோடு செங்கல் பொடியை எறிந்துவிட்டேன்.

மாமியார் குழந்தையைக் கிட்டே கூப்பிட்டார். வாயைத் திறந்து பார்த்தார், மூடினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் 'பல்பொடிப் பொண்ணு' என்று பெயர். உன் பொட்டலக் காகிதத்தை எவனோ கொண்டுவந்து அவள் மூஞ்சிக்குப் பக்கத்தில் பிடித்து, "எங்க, இப்ப சிரி பாக்கலாம்" என்கிறானாம். இந்த ஊரில் பிள்ளைகள் எல்லோருக்கும் துருப்பல்தான். ஆனால் காகிதத்தில் சிரித்தவள் இவள் ஒருத்திதான். இப்போது அவள் புதுப்பெண் மாதிரி கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள்.

சித்திரை விடுமுறைக்கு அவளை அழைத்துக்கொண்டு ஒரு மாதம் அங்கே வந்து இருக்கிறேன். திண்டிவனத்தில் நல்ல டாக்டர் யாரிடமாவது காட்டலாம். இந்த ஊர்க் கண்களிலிருந்து குழந்தை ஒரு மாதமாவது தப்பட்டும். உடனே பதில் போடு.

செண்பகம்


திண்டிவனம்,
3-3-1938

அன்புத் தங்கை செண்பகத்துக்கு,

உன் கடிதம் கண்டேன். குழந்தை விஷயம் கேட்டுப் பாஞ்சாலி சரியாகச் சாப்பிடவில்லை. செங்கல் பொடி போடுவார்களா யாராவது? அதுதான் கெடுத்திருக்கும்.

நீங்கள் வருவது பற்றி. எனக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இப்போதைக்கு ராஜாமணியை அழைத்து வராதே. கடை வாசலிலேயே நம் வீடு. வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் அவள் முகம் பாடம். 'அந்தக் குழந்தையா இது' என்று ஒருத்தன் கேட்டால் போதும், நான் கடையை மூடிவிட்டு உழக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். அச்சடித்த காகிதம் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது. அது தீரட்டும், நானே வந்து அழைத்துப் போகிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

விருத்தாசலம்


வெள்ளாம்பாறை,
20-10-1939

அண்ணாவுக்குச் செண்பகம் எழுதுவது.

ஒன்றரை வருஷமாக நான் எழுதவில்லை. நீயும் உன் காகிதக் கட்டு தீர்ந்ததா என்று எழுதவில்லை. பிறந்த வீட்டுக்கு வராதே என்று ஒரு பெண்ணுக்கு எழுதிவிட்டு, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று கடைசி வரியும் போட உன்னால்தான் முடியும். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. ஆனால் இதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். கூடவே கண்ணாடிப் புட்டிகள். ஊர்ப் பிள்ளைகளைக் கிணற்றடியில் வரிசையாக நிற்கவைத்து வாயைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் தலைகுனிந்து நின்றோம், பல் விளக்கிவிடாத குற்றத்துக்கு அபராதம் போட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு. அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கிணற்றை எட்டிப் பார்த்தார். "இது எப்போது வெட்டியது?" என்று கேட்டார்.

அந்தக் கிணறு என் மாமனார் பாறையைப் பிளந்து வெட்டியது. எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. அடியில் கிடக்கும் காசுகூடத் தெரியும், அவ்வளவு தெளிவு. டாக்டர் புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னார்: நெல்லூர்ப் பக்கத்தில் இப்படியே பல் பார்த்திருக்கிறார்கள். பாறைக்குள் ஒரு உப்பு இருக்கிறதாம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. குழந்தை குடிக்கும் தண்ணீரோடு போய், ஈறுக்குள் பல் உருவாகும்போதே அதைக் கெடுத்துவிடுகிறதாம். நாம் பார்ப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே காரியம் முடிந்துபோயிருக்கும். முளைத்த பிறகு எந்தப் பொடியும் ஒன்றும் செய்யாது என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் கையில் குற்றமில்லை! உன் பொடியிலும் குற்றமில்லை. கிழடுகளுக்குப் பல் நன்றாக இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? அவர்கள் சின்ன வயதில் ஏரித் தண்ணீர் குடித்தவர்கள்.

டாக்டர் மாமியாரிடம், "அம்மா, சின்னக் குழந்தைகளுக்கு ஏழெட்டு வயது வரையாவது ஏரித் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள், இந்தக் கிணறு வேண்டாம்" என்றார். மாமியார் எழுந்து நின்றார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "ஏரித் தண்ணியா? அந்தத் தண்ணி குடிச்சி வாந்திபேதியில என் மூணு புள்ளைங்க ஒரே வாரத்துல போச்சிங்க. அதுக்குத்தான் எம்புருசன் மண்ட ஒடைய இந்தக் கெணத்த வெட்டனாரு. வெட்டன பொறவு இந்த ஊருல ஒரு புள்ள பேதியில சாவல. பல்லு போனா போவட்டும் சாமி, உசுரு இருக்குதில்ல?" என்றார். டாக்டர் குனிந்து புட்டிகளை மூட ஆரம்பித்தார். எனக்கு மாமியார் மேல் கோபப்படவும் முடியவில்லை அண்ணா.

டாக்டர் போய்விட்டார். கிணறு இருக்கிறது. எல்லோரும் அதில்தான் இறைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்குக் குடத்தைக் கிணற்றில் இறக்கும்போதெல்லாம் கை கூசுகிறது. இறக்காமல் இருக்க வழியில்லை. உலை கொதிக்க வேண்டுமே.

இன்னொன்று. நான் முழுகாமல் இருக்கிறேன்.

செண்பகம்


திண்டிவனம்,
6-11-1939

அன்புள்ள செண்பகத்துக்கு,

நல்ல செய்தி சொன்னாய். பாஞ்சாலி மயிலியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள்.

அந்த டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. காசு போட்டால் தெரிகிற தண்ணீர் எப்படிக் கெட்ட தண்ணீராகும்? கலங்கிய தண்ணீர்தான் கெடுதல் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படித்தவர்கள் ஊருக்கு ஒரு பேச்சுப் பேசுவார்கள். முளைத்த பிறகு பொடி ஒன்றும் செய்யாது என்று அவர் சொன்னதை நீ யாரிடமும் சொல்லிக்கொண்டு இருக்காதே. இந்த வியாபாரத்தில்தான் உன் அண்ணன் சோறு தின்கிறான். யுத்தத்தினால் காகிதம் கிடைப்பதே பேஜாராக இருக்கிறது.

கோபத்தை விட்டுவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

விருத்தாசலம்


வெள்ளாம்பாறை,
15-6-1942

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். அண்ணிக்கும் படித்துக் காட்டு.

சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நடுவில் எனக்கு ஒன்று தங்காமல் போனதால், எமன் கண்ணில் படக்கூடாது என்று மாமியார் அவனுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்ததை எழுதியிருந்தேன். எமனை ஏமாற்றியாயிற்று. கிணற்றை எப்படி ஏமாற்றுவது?

அந்த டாக்டர் போகும்போது ஒன்று சொன்னார்: தாய்ப்பாலில் அந்த உப்பு அவ்வளவாக இறங்காது என்று. அதையே பிடித்துக்கொண்டு இதுவரை அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கேட்டு அழுதால் மடியில் போட்டுக்கொள்வேன். "மீச மொளைக்கற வரிக்கும் குடுப்பியாடி?" என்று கிணற்றடியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் என் உடம்பில் இப்போது ஒன்றும் இல்லை அண்ணா. பால் வற்றிக்கொண்டு வருகிறது. நான் பார்க்காத நேரத்தில் மாமியார் ஒரு வாய் தண்ணீர் ஊட்டிவிடுகிறார். தாகத்தில் அழும் பேரனுக்குத் தண்ணீர் கொடுத்ததைக் குற்றம் என்று நான் எப்படிச் சொல்ல?

ஏரித் தண்ணீரை ஒருநாள் குடத்தில் கொண்டுவந்து அடுப்பில் காய்ச்சினேன். மாமியார் மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். பானையை அப்படியே வாசலில் கவிழ்த்தார். "என் மூணு புள்ளைங்களத் தின்ன தண்ணிய என் வூட்டு அடுப்புல ஏத்திட்டியா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உன் மாப்பிள்ளை பெட்டிப்பாம்பு மாதிரி நின்றார். பிறகு என்னிடம் வந்து, "அம்மா உசுரோட இருக்கற மட்டும் அந்தத் தண்ணி இந்த வாசப்படி தாண்டாது செம்பகம். என்ன இன்னா பண்ணச் சொல்ற? எங்கப்பா வெட்டன கெணறு" என்றார். அவர் பேசும்போது அந்தப் பற்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனிக்குடித்தனம் போகலாமா என்றால் நிலம் இங்கே. நிலத்தை விற்கலாமா என்றால் யார் வாங்குவார்கள், துருப்பல் ஊரில்? நான் மட்டும் பிள்ளையோடு புறப்பட்டு வரலாம் என்றால் ராஜாமணி இருக்கிறாள், மாடு இருக்கிறது, வயதான அந்த அம்மாள் இருக்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணற்றின் கல்தான் முட்டுகிறது.

அதனால் கேட்கிறேன். மண்ணாங்கட்டியை நீயும் அண்ணியும் அழைத்துப் போங்கள். ஏழு வயது முடியும் வரை திண்டிவனத்துத் தண்ணீர் குடித்து வளரட்டும். நீ தண்ணீரை நம்ப வேண்டாம். உன் பொடியை நம்பியே கூட்டிப் போ. எனக்கு அதுவும் சம்மதம்.

இதை நான் உன் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்ததை ராஜாமணி கேட்டுவிட்டாள். பதினோரு வயது, எல்லாம் புரிகிறது. "என்னை மட்டும் ஏன் அனுப்பல?" என்றாள். அப்போ தெரியாதுடி கண்ணு என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள்.

உன் பதிலுக்காகத் தபால்காரர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

செண்பகம்


திண்டிவனம்,
22-6-1942

செண்பகம்,

அடுத்த புதன்கிழமை காலை வண்டிக்கு நானும் பாஞ்சாலியும் விழுப்புரம் வந்து இறங்குகிறோம். மாட்டு வண்டி அனுப்பு. பாஞ்சாலி உன் கடிதத்தைக் கேட்டுவிட்டுத் தொட்டில் கயிறு வாங்கி வந்துவிட்டாள். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தொட்டில் எதற்கு என்றேன். நீங்க சும்மா இருங்க என்றாள்.

பழைய காகிதம் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. ராஜாமணியும் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

விருத்தாசலம்


வெள்ளாம்பாறை,
28-5-1945

அன்புள்ள அண்ணா,

மண்ணாங்கட்டியை அழைத்துக்கொண்டு நீ வந்துபோன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது. நல்ல வளர்த்தி. கன்னம் மின்னுகிறது. அண்ணிக்குக் கோடி புண்ணியம்.

உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன். வெயிலில் வந்தவன் திண்டாடிப்போய், "தண்ணி" என்று கேட்டான். நான் செம்பை எடுத்துவிட்டேன். எடுத்த கை நின்றுவிட்டது. தோப்புக்கு ஓடி இளநீர் வெட்டிக் கொண்டுவந்தேன். அவன் இருந்த நான்கு நாளும் இளநீர், பால், நீ ரயிலில் கொண்டுவந்த கூஜாத் தண்ணீர். பெற்ற பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறான், ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் புறப்பட்டதும், "என் புள்ளைங்கள ஏரித் தண்ணி எடுத்துக்கினு போச்சி. உன் புள்ளையக் கெணத்துத் தண்ணி எடுத்துக்கினு போவுது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

அவன் அண்ணியை அம்மா என்கிறான், என்னை ஊரம்மா என்கிறான். சரிதான். யார் பெயர் வைத்தாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ராஜாமணிக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை பேசுகிறோம். வெளியூரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அவள் வாயைத் திறந்ததும் காப்பியை வைத்துவிட்டு எழுந்தார்கள். துருப்பல்லைத் துருப்பல்தான் கட்டும்.

செண்பகம்


திண்டிவனம்,
9-12-1947

அன்புத் தங்கை செண்பகத்துக்கு,

பிள்ளைக்கு ஏழு வயது முடிந்துவிட்டது, இனி எந்தத் தண்ணீரும் அவன் பல்லை ஒன்றும் செய்யாது, அனுப்பிவை, நிலத்தைப் பார்க்க அவன் அப்பா கேட்கிறார் என்று நீ எழுதிய கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பல் நாலும் முளைத்துவிட்டது. அரிசி மாதிரி இருக்கிறது செண்பகம்! ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களே, அன்றைக்கு அவன் சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். நான் கடையில் உட்கார்ந்தபடி அழுதேன். மேல் பல் ஒன்றில் மட்டும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

நீ வையப் போகிறாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். அவனைப் போட்டோ பிடித்துப் புது மேல்காகிதம் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 'துருப்பல் ஊரில் பிறந்த குழந்தை, மல்லிமொட்டில் வளர்ந்த பல்.' பொய் ஒரு சொல்கூட இல்லை பார். பொடியா தண்ணீரா என்ற சண்டை நமக்குள் வேண்டாம். எனக்குப் பதில் தெரியும். ஆனால் தண்ணீரைப் பொட்டலம் கட்டி விற்க முடியாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நடராசன் என்று பெயர் கொடுத்திருக்கிறேன், காகிதத்திலும் அதுதான். பிளாக் செய்கிறவன் அந்தப் புள்ளியையும் மறைத்துக் கொடுத்துவிட்டான்.

அனுப்புவது பற்றி. நீ கேட்பது நியாயம். உன் பிள்ளை. ஆனால் பாஞ்சாலி உன் கடிதம் வந்ததிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. அவனையே கேட்டேன். "அந்த ஊருக்கா? ராஜாமணி அக்கா சிரிச்சா எனக்குப் பயமா இருக்குது மாமா" என்றான். அறைந்துவிட்டேன். பிறகு அவனோடு நானும் அழுதேன்.

முடிவு உன்னுடையது. வரச் சொன்னால் கொண்டுவந்து விடுகிறேன்.

விருத்தாசலம்


வெள்ளாம்பாறை,
4-1-1948

அன்புள்ள அண்ணாவுக்கு,

நடராசன் நல்ல பெயர்தான். மாமியாரிடம் சொன்னேன். எமனுக்குத் தெரியாமல் கூப்பிடுங்கள் என்றார்.

உன்னை வைய நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். பெண்ணை ஒரு காகிதத்தில் போட்டாய். பிள்ளையை இன்னொரு காகிதத்தில் போட்டாய். கொஞ்சமாவது வெட்கம் உண்டா உனக்கு? சரி, வைதாயிற்று.

குழந்தையை அடிக்காதே. அவன் சொன்னதில் என்ன தப்பு? பயப்பட வேண்டிய இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறான்.

அவனை அனுப்ப வேண்டாம்.

நானும் உன் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தோம். வந்தால் நிலத்தைப் பார்ப்பான். நல்லதுதான். பிறகு இங்கேயே ஒரு பெண்ணைக் கட்டுவான். அவனுக்குப் பிள்ளைகள் பிறக்கும். அவையெல்லாம் எந்தத் தண்ணீர் குடிக்கும்? இந்த வயிறு ஒரு பிள்ளையை அந்தக் கிணற்றிலிருந்து மேலே தூக்கிவிட்டது. மறுபடி கயிற்றைக் கட்டி நானே இறக்கமாட்டேன். உன் மாப்பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "அங்கியே இருக்கட்டும்" என்றார். மாமியார் காதில் விழுந்திருக்கும்.

ஏழு வயதோடு முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பார். அண்ணியிடம் சொல், அடுப்பை மூட்டட்டும். பிள்ளை பசியோடு இருப்பான். இனிமேல் அவன் அவளுடையவன். வாங்கிப் போக யாரும் வரமாட்டார்கள். என்னை ஊரம்மா என்றே கூப்பிடட்டும்.

ராஜாமணியும் முழுகாமல் இருக்கிறாள். கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில்தான், அதே கிணறுதான். காலையில் என் பக்கத்தில் நின்று இறைத்துக்கொண்டே, "அம்மா, என் புள்ளைக்கு மாமன் வூடு எந்தத் தண்ணி?" என்று கேட்டாள். திண்டிவனம் தண்ணீர் என்றேன். அவள் பிள்ளைக்கும் உன் வீட்டில் இடம் உண்டா என்றுதான் கேட்கிறாள். நீயே யோசித்து வை.

ஒரே ஒரு உதவி. புதுப் பொட்டலம் அச்சாகி வந்ததும் எனக்கு ஒன்று அனுப்பு. பொடி வேண்டாம், மேல்காகிதம் மட்டும் போதும். ராஜாமணியின் பழைய காகிதத்தை நான் எறியவில்லை, அரிசிப் பானைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் இதையும் ஒட்டிக்கொள்வேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே சுவரில் சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.

அந்த வெள்ளைப் புள்ளியை மறைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். எந்தப் பல், வலமா இடமா என்று மட்டும் மறக்காமல் எழுது. அது அவன் இங்கே இருந்த இரண்டு வருஷத்தில் நான் கொடுத்தது. காகிதம் வந்ததும் சுண்ணாம்பு தொட்டு நானே வைத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
செண்பகம்